ஐரோப்பாவில் குறைந்த செலவில் முதுகலை படிக்க வழி உண்டா? ஏஜென்ட் ஆண்டுக்கு 12,000 யூரோ ஆகும் என்கிறாரே?

உண்டு. நீங்கள் மெக்கானிக்கல் முடித்தவர், சிஜிபிஏ 7.2, கன்சல்டன்சிக்காரர் பெர்லினில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. ஒரு செமஸ்டருக்கு 100 முதல் 350 யூரோ வரை ஒரு தொகை கட்டுவோம், பல ஊர்களில் பஸ், டிராம் பாஸும் அதற்குள் வந்துவிடும். விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வுர்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. இந்த இரண்டையும் தள்ளிவைத்தாலும் நிறைய இடம் மிச்சம் இருக்கிறது. ஆனால் கட்டணம் வாங்காத பல்கலைக்கழகம் ஏஜென்டுக்குக் கமிஷன் தராது. உங்கள் ஏஜென்ட் வாயில் அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர் வராததற்கு அதுதான் காரணம். எல்லா ஏஜென்டுகளும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் இங்கே வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம்.

நான் 2022-இல் கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் மக்டெபுர்க் நகருக்குப் படிக்கப் போனேன். அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. அட்மிஷன் கடிதம் கைக்கு வந்தபிறகுதான் உண்மையான செலவு எதுவென்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவை பிளாக்டு அக்கவுண்டில், அதாவது நாம் நினைத்தபடி மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அப்போது 10,332 யூரோ, எட்டு லட்சத்துக்கு மேல். 2024 செப்டம்பரில் அது 11,904 ஆனது. அங்கே போனபிறகு மாதாமாதம் நம் கைக்கே திரும்பி வரும் பணம்தான், ஆனால் மொத்தமாக முன்னாலேயே இருந்தாக வேண்டும்.

கல்விக்கடனுக்கு அப்பாவும் நானும் வங்கிக்குப் போனோம். மேனேஜர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபீஸ் எங்கப்பா போட்டிருக்கு?" என்றார். ஃபீஸ் கிடையாது சார், அரசுப் பல்கலைக்கழகம் என்றேன். "ஃபீஸ் இல்லைன்னா கடன் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் எங்களைத் தள்ளிவிட்டார். அந்த அதிகாரி இன்னொரு பையனின் ஃபைலை எடுத்துக் காட்டினார். தனியார் கல்லூரி, இருபது லட்சத்துக்குக் கடன் சாங்ஷன் ஆகியிருந்தது. "இந்த மாதிரி ஃபீஸ் ஸ்ட்ரக்சர் கொண்டு வாங்க, உடனே முடிச்சுடலாம்" என்றார். செலவு அதிகமானால் கடன் சுலபம், செலவு குறைந்தால் கடன் கிடையாது. அப்பா வெளியே வந்து வெகுநேரம் பேசவே இல்லை.

வேறொரு வங்கியில் ஒத்துக்கொண்டார்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம் வேண்டும். அம்மா பேரில் இருந்த மனைக்கு அப்ரூவல் இல்லை என்று வக்கீல் ஒப்பீனியனில் அடிபட்டுவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினைந்து வருடச் சேமிப்பைப் போட்டு வாங்கிய மனை அது. விற்றவன் எல்லா அப்ரூவலும் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றான். 2016-இல் அப்ரூவல் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு வரன்முறைப்படுத்த வந்த திட்டத்திலும் எங்கள் லேஅவுட் சிக்கிக்கொண்டது. விற்றவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாங்கினவர்கள்தான் அலைகிறார்கள். கடைசியில் ராசிபுரத்து மாமா தன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார். அத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்த நன்றி எனக்கு ஆயுசுக்கும் இருக்கும்.

மக்டெபுர்க் விலைவாசி கட்டுப்படியானது. நான் போன புதிதில் மாணவர் விடுதியில் அறை 300 யூரோவுக்குள், மருத்துவக் காப்பீடு 120 அளவில், சமைத்துச் சாப்பிட்டால் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் வந்த 861 யூரோவில் கையில் கொஞ்சம் மிஞ்சியது. மியூனிக்கில் அறை வாடகையே சுலபமாக 700-ஐத் தாண்டும். கட்டணம் இல்லை என்பதோடு எந்த ஊர் என்பதையும் பாருங்கள், கிழக்குப் பகுதி ஊர்களை முதலில் பாருங்கள். இப்போது மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். ஆனால் முதல் செமஸ்டரை வேலையை நம்பித் திட்டமிடாதீர்கள்.

"ஓசியில் படித்துவிட்டு வந்தவன்" என்று சொந்தத்திலேயே பேசுகிறார்கள். இங்கேயும் யாராவது எழுதுவார்கள், தெரியும். அங்கே பகுதிநேர வேலைக்கும் முழுநேர வேலைக்கும் நான் வரி கட்டியிருக்கிறேன். மாமாவின் பத்திரத்தை மீட்டும் கொடுத்துவிட்டேன்.

மற்ற நாடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நார்வே 2023 முதல் நம்மிடம் கட்டணம் வாங்குகிறது, பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். ஆஸ்திரியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டருக்கு 726.72 யூரோ. இத்தாலியில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள், வருமானம் குறைவு என்றால் அந்தந்தப் பிராந்தியத்தின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். என் அறைத்தோழனின் தம்பி அப்படித்தான் படிக்கிறான். உதவித்தொகை கைக்கு வரத் தாமதமாகும், அதுவரை செலவுக்குக் கையில் பணம் வேண்டும்.

உங்கள் 7.2-க்கு வருகிறேன். தேர்ச்சிக்கு 5 என்று வைத்து ஜெர்மன் கணக்கில் மாற்றினால் 2.7 அளவில் வரும்; அங்கே எண் குறையக் குறையத்தான் நல்ல மதிப்பெண். 2.5 கேட்கும் படிப்புகளுக்கு 7.5 வேண்டும், அவற்றில் பணத்தை வீணாக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிப் பார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி-யின் தளத்தில் ஆங்கிலம், கட்டணமில்லை என்ற இரண்டையும் தேர்வு செய்து, 3.0 வரை ஏற்றுக்கொள்ளும் படிப்புகளை மட்டும் எழுதி வையுங்கள். நான் போன பிறகு, 2022 நவம்பரில், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 18,000 ரூபாய் ஆகும், வருவதற்கும் நாளாகும். குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் கடைசித் தேதி ஜூலை 15 என்றாலும், ஆங்கிலவழிப் படிப்புகள் நிறைய அதற்கு முன்பே மூடிவிடும். அதனால் வேறு எதற்கும் முன்னால் ஏபிஎஸ்ஸுக்கு அனுப்பிவிடுங்கள், அது வருவதற்குள் ஜெர்மன் மொழியின் தொடக்கநிலையான ஏ1 வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.