முடி சின்ன விஷயமா?

அன்புள்ள அக்கா,

ஐரோப்பாவில் கறுப்பினப் பெண்கள் நடத்தும் போராட்டங்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். வேலையில் பாகுபாடு, போலீஸ் கெடுபிடி என்றால் புரிகிறது. தலைமுடி, உடம்பு என்றெல்லாம் பேசுவது போராட்டத்தையே சின்னதாக்கிவிடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சின்னதாக்காது. நிறவெறி கைவைப்பதே உடம்பில்தான்.

1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். கல்யாணத்துக்காக இந்தியாவிலிருந்து வந்திறங்கினார் 35 வயது ஆசிரியை ஒருவர். 3 மாதத்துக்குள் மணமுடிக்க வரும் பெண்ணுக்கு அன்று விசா தேவையில்லை. இவர் ஏற்கெனவே மணமானவரோ என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். ஆண் டாக்டர் ஒருவரை வைத்துக் 'கன்னித்தன்மைப் பரிசோதனை' செய்தார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயத்தில் அவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். துணைக்கண்டத்திலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் இதே கொடுமை நடந்தது. குறைந்தது 80 பெண்கள் என்கின்றன பின்னாளில் வெளிவந்த அரசு ஆவணங்கள்.

இதை எதிர்த்து ஹீத்ரோவுக்குள்ளேயே போய் உட்கார்ந்து மறியல் செய்தவர்களில் ஓவாட் அமைப்பினர் முக்கியமானவர்கள். ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிப் பெண்கள் சேர்ந்து 1978இல் தொடங்கிய அமைப்பு அது. ஸ்டெல்லா டாட்ஸி, ஆலிவ் மாரிஸ் போன்ற கறுப்பினப் பெண்கள் அதைக் கட்டியெழுப்பினார்கள். அவமானப்பட்டது ஓர் இந்தியப் பெண்தானே என்று அவர்கள் ஒதுங்கிப் போகவில்லை. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். டெப்போ-ப்ரோவேரா கருத்தடை ஊசியைக் கறுப்பின, ஆசியப் பெண்களுக்குச் சரியாக விளக்காமலே போடுவதையும் ஓவாட் எதிர்த்தது.

முடிக்கு வருகிறேன். சுருள் சுருளாக அடர்ந்து நிற்கும் ஆஃப்ரோ முடி பள்ளி விதிக்கு ஒத்துவராது என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் பிரிட்டனில். முடிக்காகப் படிப்பு போவது சின்ன விஷயமா? அதற்கு எதிராக 2020இல் இளம் கறுப்பினச் செயல்பாட்டாளர்கள், முடியை வைத்துப் பாகுபாடு காட்டமாட்டோம் என்று உறுதியளிக்கும் 'ஹேலோ' விதித்தொகுப்பை உருவாக்கி, பள்ளிகளையும் நிறுவனங்களையும் ஏற்க வைத்தார்கள்.

பிரசவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கர்ப்பத்திலோ பிரசவத்தையொட்டியோ இறக்கும் அபாயம் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு 5 மடங்கு என்றது 2018இல் வந்த அறிக்கை. அந்த எண்ணையே பெயராக்கி 'ஃபைவ் எக்ஸ் மோர்' அமைப்பை 2019இல் தொடங்கினார்கள் டினூக்கே அவே, கிளோடில்ட் அபே என்ற இரண்டு தாய்மார்கள். கர்ப்பிணிகளுக்கு அவர்கள் சொல்லித்தருவதில் சில: வாய்திறந்து சொல். உனக்காகப் பேச ஒருவரைக் கூட அழைத்துப்போ. இன்னொரு டாக்டரிடமும் கேள். நடப்பதையெல்லாம் எழுதிவை.