கொஞ்சம் குடித்தாரா, கொஞ்சம்தான் குடித்தாரா?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். ஷிஃப்ட் முடியும்போது எழுதும் குறிப்பில், ஒரு பெரியவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார் என்று சொல்ல ‘ஹி ட்ரேங்க் லிட்டில் வாட்டர்’ என்று எழுதினேன். அதைப் படித்த மூத்த செவிலியர், “குடிக்கவே இல்லையென்றால் ஏன் உடனே சொல்லவில்லை?” என்று கடிந்துகொண்டார். எங்கே தப்பு? கொஞ்சம், சுமார், எப்போதாவது என்பதையெல்லாம் எப்படிச் சரியாகச் சொல்வது?

பதில்: உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. விட்டுப்போனது ஒரே ஓர் எழுத்து. ‘அ லிட்டில் வாட்டர்’ என்று எழுதியிருந்தால் நீங்கள் நினைத்த அர்த்தம் வந்திருக்கும்.

தமிழில் ‘கொஞ்சம் குடித்தார்’ என்கிறோம், ‘கொஞ்சம்தான் குடித்தார்’ என்றும் சொல்கிறோம். இரண்டுமே அதே கால் டம்ளராக இருக்கலாம். முதலாவதில் குடித்தாரே என்ற நிம்மதி இருக்கிறது, இரண்டாவதில் போதவில்லையே என்ற கவலை. அந்தக் கவலையைக் காட்ட நாம் ‘தான்’ சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் முன்னால் இருக்கும் ‘அ’வை எடுத்துவிடுகிறார்கள். எண்ணக்கூடியவற்றுக்கும் இதே கதைதான். ‘அ ஃபியூ விசிட்டர்ஸ்’ என்றால் சிலர் வந்தார்கள், வெறும் ‘ஃபியூ விசிட்டர்ஸ்’ என்றால் சிலரே வந்தார்கள். பேச்சில் அந்த ‘அ’ மிக மெல்லியதாக ஒலிப்பதால் நம் காதில் விழுவதே இல்லை. நம்மூர் அலுவலகங்களில் ‘ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்’ என்று எழுதுவது இப்படி வந்திருக்கலாம். ஆங்கிலேயர் காதுக்கு அது ‘எனக்குச் சந்தேகமே இல்லை எனலாம்’ என்று கேட்கும்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெறும் ‘லிட்டில்’, வெறும் ‘ஃபியூ’ இரண்டும் கொஞ்சம் ஏட்டு நடை. அன்றாடப் பேச்சில் அங்குள்ளவர்களே ‘ஹி டிடன்ட் ட்ரிங்க் மச்’ என்றுதான் சொல்வார்கள். குடித்தார் என்றால் ‘அ லிட்டில்’, போதவில்லை என்றால் ‘டிடன்ட் மச்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், குழப்பமே வராது.

இன்னொன்று, ‘க்வைட் அ ஃபியூ’ என்று யாராவது சொன்னால் அது சிலர் இல்லை, நிறையப் பேர். ‘ஒன்லி அ ஃபியூ’ என்றால் மறுபடியும் சிலரே.

உங்கள் வேலையில் இதைவிட முக்கியமானது ‘அ பிட்’ என்ற சொல். அங்கே முதியவர்கள் பலர் தங்கள் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லியே பழகியவர்கள். ‘அ பிட் ஆஃப் பெயின்’ என்று ஒரு பாட்டி சொன்னால் லேசான வலி என்று எழுதிவிடாதீர்கள். பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள், முகத்தையும் பாருங்கள்.

சுமார் கணக்குக்கு வருவோம். ‘ஒரு இருபது பேர்’ என்கிறோமே, அதற்கு ‘அபவுட் ட்வென்டி’ அல்லது ‘ட்வென்டி ஆர் ஸோ’ போதும். ஏழு மணி வாக்கில் என்பதற்கு ‘செவனிஷ்’. இருபதுக்குச் சற்று மேலே என்றால் ‘ட்வென்டி-ஆட்’. எழுதும்போது நடுவில் சிறுகோடு வேண்டும், இல்லாவிட்டால் இருபது விசித்திரமான ஆட்கள் என்றும் படிக்கலாம். ‘கப்புள்’ என்றால் இரண்டு, ஆனால் பேச்சில் பலர் இரண்டு மூன்று என்ற பொருளில் சொல்கிறார்கள். மாத்திரைக் கணக்கில் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், எத்தனை தடவை என்பது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு ‘எவ்ரி அதர் டே’. அவ்வப்போது என்றால் ‘எவ்ரி நௌ அண்ட் தென்’. அத்தி பூத்தாற்போல் என்பதற்கு ‘ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்’. ஒரே மாதத்தில் இரண்டாவதாக வரும் பௌர்ணமியைத்தான் இப்போது ப்ளூ மூன் என்கிறார்கள், 2023 ஆகஸ்டில் வந்தது. ‘பைவீக்லி’யை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வாரம் இருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்ற இரண்டு அர்த்தமும் அதற்கு உண்டு.

‘ஹார்ட்’, ‘ஹார்ட்லி’ இரண்டிலும் கவனம் தேவை. ‘ஹி ட்ரைட் ஹார்ட்’ என்றால் நடக்க மிகவும் முயன்றார். ‘ஹி ஹார்ட்லி ட்ரைட்’ என்றால் முயலவே இல்லை எனலாம். ‘ஹார்ட்லி’க்குள்ளேயே ‘இல்லை’ இருப்பதால் கூடவே இன்னொரு ‘நாட்’ போடக்கூடாது.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இந்தச் சொற்களுக்குக் கணக்கே உண்டு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பக்கவிளைவுக்கு ‘காமன்’ என்று போட்டிருந்தால் 100 பேரில் 1 முதல் 10 பேர் வரை. ‘அன்காமன்’ என்றால் 1,000 பேரில் 1 முதல் 10 பேர் வரை. ‘ரேர்’ என்றால் 10,000 பேரில் 1 முதல் 10 பேர் வரை. ‘காமன்’ என்பதைப் பார்த்து எல்லோருக்கும் வரும் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் குறிப்புக்கு வருகிறேன். ஷிஃப்ட் மாறும்போது அதைப் படிப்பவர் அந்தப் பெரியவரைக் காலையிலிருந்து பார்த்திருக்க மாட்டார். அதனால் ‘அ லிட்டில்’ என்று சரியாக எழுதினாலும் அவருக்கு அது போதாது. நேரத்தையும் அளவையும் போடுங்கள்: 10:30 மணிக்குத் தேநீர் அரைக் கோப்பை, சுமார் 100 மில்லி, 1 மணிக்குத் தண்ணீர் இரண்டு வாய், அதற்குமேல் வேண்டாம் என்றார்.