அம்மாவுக்கு ஆனதுபோலவே எனக்கும் ஆகுமா? மார்பகப் புற்றுநோயும் பரம்பரையும்: கேள்வி-பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயத்தைத்தான் சொல்கின்றன. அதனால் அதற்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, வயது 38: எங்க அம்மா 44 வயசுல மார்புப் புற்றுநோய்ல போயிட்டாங்க. இப்ப எனக்கும் வந்துட்டு. பிராக்கா-1 பாசிட்டிவ்னு ரிப்போர்ட். 'தாயைப் போல பிள்ளை'ன்னு வீட்டுல எல்லாரும் அழுதுட்டே இருக்காக. எனக்கும் அப்படித்தான் முடியுமா டாக்டர்?

அழுகிறவர்களை முதலில் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். பிராக்கா-1, பிராக்கா-2 என்பவை எல்லோர் உடம்பிலும் உள்ள இரண்டு ஜீன்கள். பாசிட்டிவ் என்றால் அதில் பிறவியிலேயே கோளாறு இருக்கிறது என்று பொருள். நோய் வருவதற்கு அந்தக் கோளாறு பெரிய காரணம், மறுக்கவில்லை. பிராக்கா-1 கோளாறு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100 பேரில் சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. ஆனால் வந்த பிறகு எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பது தனிக் கணக்கு.

பிரிட்டனில் 40 வயதுக்குள் நோய் கண்ட 2,733 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 12 சதவீதம் பேருக்கு பிராக்கா கோளாறு இருந்தது. பத்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், கோளாறு உள்ளவர்களில் 73 சதவீதம், இல்லாதவர்களில் 70 சதவீதம். வித்தியாசம் என்று சொல்லவே முடியாத அளவு.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதுதான். உடைந்த டிஎன்ஏ இழையை ஒட்டவைப்பதுதான் பிராக்காவின் வேலை. அந்த வேலை நடக்காததால் கட்டி உருவாகிறது. அதே குறை கட்டியின் செல்களுக்கும் இருப்பதால், டிஎன்ஏவை உடைக்கிற மருந்துகளைத் தாங்க அவற்றால் முடிவதில்லை. கார்போபிளாட்டின் போன்றவை நன்றாக வேலை செய்வது அதனால்தான். ஓலாபரிப் மாத்திரையும் இதே பலவீனத்தைக் குறிவைத்து வந்தது. கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இல்லாத, நோய் திரும்பி வரும் ஆபத்து கூடிய பிராக்கா நோயாளிகளுக்கு, கீமோ, அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்தபின் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 86 சதவீதம், எடுக்காதவர்களில் 77. இது 2021-ல் வந்த முடிவு. உங்கள் அம்மா காலத்தில் இந்த மாத்திரையே கிடையாது.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் தாய்-மகள், அக்கா-தங்கை ஜோடிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. முதலில் நோய் கண்டவர் சீக்கிரம் இறந்த குடும்பங்களில், அடுத்தவர் ஐந்தாண்டுக்குள் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் இருந்தது. ஆக, பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஜீன் என்று தேடி, சுமார் 96,000 நோயாளிகளின் மரபணுக்களை அலசிய 2019 ஆய்வில் பெரிதாக எதுவும் அகப்படவில்லை.

என் அனுபவத்தில் இங்கே உயிரைப் பறிப்பது தாமதம்தான். கட்டி நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே கையில் தட்டுப்பட்டிருக்கும். பிசான அறுப்பு முடியட்டும், கோயில் கொடை முடியட்டும், மகள் பிரசவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, தோல் புண்ணான பிறகு, சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வருவார்கள். அம்மா எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்கள் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஜீன் ரிப்போர்ட்டுக்கு முன்னால் பாருங்கள்.

மேலப்பாளையம்: என் ரிப்போர்ட்டில் ஹெர்-2 பாசிட்டிவ் என்று இருக்கிறது. என் இரண்டு பெண்களுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

இதற்காக வேண்டாம். ஹெர்-2 கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம், பிள்ளைகளுக்குப் போகாது. பயாப்ஸி ரிப்போர்ட் வேறு, ரத்தத்தில் பார்க்கிற பரம்பரை டெஸ்ட் வேறு. இரண்டையும் ஒரே ஃபைலில் குத்தி வைப்பதால் வருகிற குழப்பம் இது.

சங்கரன்கோவில்: மாமன் மகளைத்தான் கட்டியிருக்கேன். அவளுக்கு பிராக்கா-2. சொந்தத்துல கட்டினதாலதான் வந்துதுன்னு சொல்லுதாங்க.

சொல்கிறவர்கள் சொல்லட்டும், தம்பி. இந்தக் கோளாறு வர அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சொந்தமோ அசலோ, பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். உங்கள் கல்யாணம் அவருக்கு நோயைக் கொண்டுவரவில்லை.

ஆனால் உங்கள் அம்மாவும் உங்கள் மாமனாரும் கூடப்பிறந்தவர்கள். கோளாறு அந்தப் பக்கமிருந்து வந்திருந்தால் உங்களுக்கும் இருக்கலாம். இருவருக்கும் இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்தால், எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கிற ஃபேன்கோனி அனீமியா வரும். இனிமேல் குழந்தைக்குத் திட்டம் இருந்தால் நீங்களும் டெஸ்ட் எடுங்கள். வேறு மருந்தோ பரிகாரமோ தேவையில்லை.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியை: தமாக்சிஃபென் சிலர் உடம்பில் வேலை செய்யாதாம், அதற்கும் ஜீன் டெஸ்ட் உண்டாமே?

உண்டு, டீச்சர். ஹார்மோனால் வளரும் மார்பகக் கட்டி திரும்பி வராமல் இருக்கத் தரும் மாத்திரைதான் தமாக்சிஃபென். ஈரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதிதான் தமாக்சிஃபெனை வீரியமான எண்டாக்சிஃபெனாக மாற்றுகிறது. பிறவியிலேயே சிலருக்கு அந்த நொதி மந்தம். அதனால் உயிர்பிழைப்பு குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால், எல்லாருக்கும் அந்த டெஸ்ட் எழுதுவது வழக்கமில்லை. மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெடின், ஃப்ளூக்ஸெடின் இரண்டும் அதே நொதியை முடக்கும். அவை எடுத்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்றபடி, ஐந்து வருஷ மாத்திரையை இரண்டாம் வருஷத்திலேயே 'நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டுவிடுகிறவர்களுக்கு எந்த நொதி இருந்தும் பயனில்லை.

வள்ளியூர்: 'பொருள் தெரியாத மாற்றம்' என்று ரிசல்ட் வந்திருக்கிறது. மார்பை எடுத்துவிடலாமா?

கூடாது. ஜீனில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். அதை வைத்து எந்த அறுவை சிகிச்சையும் முடிவு செய்யக் கூடாது. உலகத் தரவுகளில் ஐரோப்பியர்களே அதிகம் என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இப்படி வருவது சகஜம். இவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் 'தீங்கில்லை' என்றே மாற்றப்படுகின்றன. ஒன்றிரண்டு வருஷம் கழித்து லேபில் திரும்பக் கேளுங்கள்.

களக்காடு: மகளுக்கு 21 வயசு, மாப்பிள்ளை பார்க்கிறோம். பிராக்கா டெஸ்ட் எடுத்து விஷயம் வெளியே தெரிஞ்சா கல்யாணம் நின்னு போகாதா?

உங்கள் பயம் நியாயம்தான். நம் ஊரில் ஒரு தெருவில் சொன்னது மறுநாள் சந்தையில் இருக்கும். ஆனால் அவசரமும் இல்லை. கோளாறு உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ பரிசோதனை 25 வயதில்தான் தொடங்கும், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே 30-க்கு மேல். ரிசல்ட்டை யாரிடம் சொல்வது என்பதை உங்கள் மகள்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களோ நானோ அல்ல. எடுக்காமலே விட்டுவிடுவது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. 35-40 வயதில், பிள்ளை பெற்று முடித்தபின், புற்றுநோய் வரக்கூடிய இன்னொரு இடமான சினைப்பையை எடுப்பது பிராக்கா-1 பெண்களின் உயிரைக் காக்கிறது. அது தெரியாமலே வயது கடந்துவிடக் கூடாது.

திசையன்விளை, வயது 52: அக்காவுக்கு பிராக்கா-2. ஆம்பளை எனக்கு என்ன வந்தது?

உங்களுக்கும் பாதி வாய்ப்பு உண்டு, அண்ணாச்சி. இருந்தால் ஆண் மார்பிலும் கட்டி வரலாம், புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்தும் கூடுதல். உங்கள் வழியாக உங்கள் மகள்களுக்கும் போகும். டெஸ்டுக்கு வரும்போது அக்காவின் ரிப்போர்ட் நகலைக் கையோடு கொண்டு வாருங்கள். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும், செலவும் வெகுவாகக் குறையும்.