உரோமம் வெட்டும் இயந்திரம் கையைத் தூக்கியடிப்பது ஏன்?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் 60 பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கிறோம். இதுவரை கத்தரியால்தான் முடி வெட்டினோம். இந்த முறை மேலே மோட்டார் தொங்க, தண்டு வழியாகக் கைப்பிடி ஓடும் இயந்திரம் வாங்கினோம். முதல் நாளே கைப்பிடி சட்டென்று நின்று, சுழன்றடித்துத் தம்பியின் முன்கையைக் கிழித்துவிட்டது, நான்கு தையல். வெட்டுபவர்களுக்குச் சாயங்காலம் இடுப்பு நிமிர்வதில்லை. கொட்டகையில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: தம்பிக்கு நேர்ந்ததை 'இறுகிக்கொள்வது' என்பார்கள். கைப்பிடி முனையில் அசையாமல் இருக்கும் பல் தகடு சீப்பு, அதன் மேல் இடவலமாக ஓடும் கத்தி கட்டர். இவற்றின் நடுவே முடி புகுந்து கட்டர் நகர முடியாமல் பூட்டிக்கொள்கிறது. மேலே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுழற்சி கைப்பிடியின் மேல் இறங்க, அது தண்டோடு சேர்ந்து சாட்டைபோல வீசுகிறது. மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும் சிறிய இயந்திரங்கள் இப்படி வீசுவது குறைவு, பெரும்பாலும் திணறி நின்றுவிடும். 60 ஆட்டுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். வாங்கியதை மாற்ற முடியாது என்றால் கீழே சொல்வதைக் கவனியுங்கள்.

இறுகுவதற்கு முதல் காரணம், கட்டரைச் சீப்போடு அழுத்திப் பிடிக்கும் அழுத்தத் திருகு தளர்ந்திருப்பது. அடுத்தது மழுங்கிய கட்டர். வெட்டு சரியாக விழவில்லை என்றதும் திருகை மேலும் மேலும் முறுக்குவார்கள். சீப்பு கொதிக்கும், எண்ணெய் தீயும், வெட்டு மட்டும் சீராகாது. மழுங்கினால் கட்டரை மாற்றுவதுதான் வழி. ஒரு சீப்புக்கு மூன்று நான்கு கட்டர் என்ற கணக்கில் சாணை பிடித்துத் தயாராக வைத்திருங்கள். பொருத்தும்போது கட்டரின் நுனி, சீப்புப் பல்லின் சரிவு தொடங்கும் இடத்துக்கு 1.5 மி.மீ. பின்னால் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் முடி உள்ளே இழுபடும். கட்டர் இருபக்கமும் ஒரே அளவு ஓடுகிறதா என்று கையால் தள்ளிப் பார்த்து, சீப்புத் திருகுகளை முழுக்க முடுக்குங்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் முன்னால் சீப்பின் மேலும் கட்டர் மூட்டுகளிலும் சில சொட்டு எண்ணெய் விட வேண்டும். ஆட்டின் காதில் மாட்டிய உலோக அடையாளத் தோடு, முடியில் சிக்கிய கம்பித் துண்டு இரண்டும் இறுக்கத்தைக் கொண்டுவரும். ஆட்டைப் பட்டியிலேயே ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இறுகிவிட்டால் கைப்பிடியைப் பிடித்து அடக்கப் பார்க்கக் கூடாது. விட்டுவிட்டு விலகி, மோட்டாரை நிறுத்தும் கயிற்றை இழுக்க வேண்டும். அந்தக் கயிறு வெட்டுபவரின் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கட்டும். ஒரு ஆள் சுவிட்ச் பக்கத்தில் நிற்பதும் நல்லது. நின்ற பிறகு பல் வளைந்த சீப்பை மறுபடி மாட்டாதீர்கள். கைப்பிடி தண்டோடு சேரும் இடம் முளையால் மாட்டும் 'பின் டிரைவா' (pin drive), திருகுப் புரி போன்ற பல்லால் மாட்டும் 'வார்ம் டிரைவா' (worm drive) என்றும் பாருங்கள். வார்ம் டிரைவில் வீச்சு குறைவு. சுமை ஏறினால் தானே நிற்கும் மோட்டாரும் உண்டு.

சாணைச் சக்கரத்தை மறந்துவிடுகிறார்கள். மலைக் குளிரில் மப்ளரும் சால்வையுமாக அதன் முன் குனிவது கழுத்தை நீட்டுவதற்குச் சமம். மப்ளரைக் கழற்றுங்கள், கண்ணாடி போடுங்கள், மறைப்புத் தகடு இல்லாமல் ஓட்டாதீர்கள்.

இடுப்பு வலிக்குக் குனிந்து வெட்டுவது ஒரு பாதி. மறு பாதி, பட்டியிலிருந்து ஆட்டை இழுத்து வருவது. ஆட்டைத் தூக்கவே வேண்டாம். தலையைத் தோள்பக்கம் திருப்பி, பின்னங்காலை மடக்கிப் புட்டத்தில் உட்கார வைத்து, பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். எந்தத் தரையில் இழுப்பு எளிது என்று ஆஸ்திரேலியாவில் ஆய்வே நடந்திருக்கிறது. இழுக்கும் திசையிலேயே மரச்சட்டங்களைப் பதித்து, பத்தடிக்கு ஓரடி சரிவு வைத்த தரையில் விசை கணிசமாகக் குறைந்தது. சட்டங்கள் குறுக்கே இருந்தால் குளம்பும் முடியும் தட்டும். உங்கள் பட்டி வாசல் வெட்டும் இடத்துக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும், சரிவு அதை நோக்கி இறங்கட்டும். ஆஸ்திரேலிய வெட்டுக்காரர்கள் ஒரு நாளை இரண்டு மணி நேர ஓட்டங்கள் நான்காகப் பிரித்து, நடுவில் ஓய்வெடுப்பார்கள். ஸ்பிரிங்கில் தொங்கும் நெஞ்சுத் தாங்கியும் பயன்படுத்துவார்கள். நம்மவர்கள் ஆட்டுக் கணக்கைப் பார்த்துக் காலையிலேயே ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

முந்தின நாள் மாலையோடு தீவனத்தை நிறுத்துங்கள். வயிறு நிறைந்த ஆடு கனமாக இருக்கும், உதைக்கும், தரையையும் வழுக்கலாக்கும். வெட்டும் இடத்தில் சேரும் கம்பளிப் பிசுக்கையும் புழுக்கையையும் ஆட்டுக்கு ஆடு கூட்டித் தள்ள வேண்டும். ரப்பர் செருப்பு வழுக்கும், மென்மையான பிடிப்புள்ள காலணி தேவை. நனைந்த ஆட்டை வெட்டவே வேண்டாம். ஈரத்தில் மின்சாரம் கசிந்தால் உயிருக்கு ஆபத்து, கம்பளியும் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். இயந்திரத்துக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் (RCCB) எர்த்தும் கட்டாயம். வயர் தரையில் கிடக்காமல் மேலிருந்து இறங்கட்டும். கம்பளிக் குவியல் பக்கத்தில் பீடி கூடாது.

நோய் பற்றி ஒரு வார்த்தை. கியூ காய்ச்சல் கிருமி குட்டி ஈன்ற கழிவிலும் சிறுநீரிலும் சாணத்திலும் வெளிப்பட்டு, தூசியோடு மூச்சில் ஏறும். குட்டி ஈன்ற பட்டியின் வழியாக வெட்ட வேண்டிய ஆடுகளை ஓட்டாதீர்கள்; கர்ப்பிணிப் பெண்கள் கம்பளி பிரிக்க வேண்டாம். கம்பளி உதறுபவருக்கு மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் முகக்கவசம் தேவை, துண்டு கட்டினால் போதாது. வாயைச் சுற்றிக் கொப்புளம் உள்ள ஆட்டை வெட்டாமல் ஒதுக்குங்கள், அது கைக்கும் ஒட்டும். பூச்சிமருந்துக் குளியலை வெட்டுக்கு முன் வைக்காதீர்கள். மருந்து கம்பளியில் தங்கி வெட்டுபவர் கையில் ஏறும். வெட்டிய காயங்கள் ஆறிய பின் குளிப்பாட்டலாம். வெட்டி இரண்டு மூன்று வாரங்களில் யாருக்காவது கடும் தலைவலியோடு காய்ச்சல் வந்தால், ஆட்டு முடி வெட்டினோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு காய்ச்சலாகவே நினைப்பார்.

தம்பி கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தால், ஆட்டுச் சாணம் பட்ட இந்தக் காயத்துக்கு மறு ஊசி தேவைப்படும். போட்டார்களா என்று இன்றே கேளுங்கள். தையல் பிரித்துக் காயம் மூடும்வரை அவர் பட்டிப் பக்கம் வர வேண்டாம்.