‘டாக்’ எம்ரிக் மருத்துவரா?

கேள்வி: அமெரிக்க ஐஸ் ஹாக்கி வர்ணனையாளர் மைக் எம்ரிக்கை ‘டாக்’ என்று அழைப்பது ஏன்? அவர் இத்துறைக்கு எப்படி வந்தார்?
– திருச்சி வாசகர்

பதில்: அவர் மருத்துவர் அல்லர். வானொலி, தொலைக்காட்சி, திரைப்படத் துறையில் 1976-இல் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றதால் வந்த செல்லப்பெயர் அது. இண்டியானாவின் சிற்றூர் ஒன்றில் 1946-இல் பிறந்தவர், பென்சில்வேனியாவில் கல்லூரி ஆசிரியராக இருந்தபோதே உள்ளூர் நாளிதழுக்காகப் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஆட்டங்களைச் சம்பளமின்றி எழுதிவந்தார் என்பதிலிருந்தே அவருடைய பிடிவாதம் விளங்கும். 1973-இல் போர்ட் ஹியூரன் என்னும் சிறு ஊரின் அணிக்கு வர்ணனையாளரானார். பின்னர் மெய்ன் மாநிலத்து அணி. 1980-இல்தான் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணி வழியாக, வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கித் தொடரான தேசிய ஹாக்கி லீக்கை எட்டினார்.

நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் ஆட்டங்களை நெடுங்காலம் வர்ணித்த அவரை நாடறியச் செய்தது என்பிசி தொலைக்காட்சி. கிரிக்கெட்டில் இரண்டு பந்துகளுக்கு இடையே கதை சொல்ல நேரமுண்டு; ஐஸ் ஹாக்கியிலோ ரப்பர் வட்டு கண்ணிமைக்கும் நேரத்தில் கைமாறிவிடும். அந்த வேகத்திலும், வட்டு நகரும் விதத்தைச் சொல்ல ஒரே ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு வினைச்சொற்களை அவர் கையாண்டதை ரசிகர்கள் எண்ணி வியந்தார்கள். என் கணிப்பில், அவருடைய உண்மையான முனைவர் பட்டம் அதுதான். 2008-இல் ஹாக்கி வர்ணனையாளர்களுக்கான ஃபாஸ்டர் ஹியூவிட் விருது பெற்ற அவர், 2020 அக்டோபரில் ஓய்வு பெற்றார்.