லோகோ இருந்தால் செய்தியாகிவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பெரியப்பா நாள்தோறும் நியூஸ் கார்டுகளை அனுப்புகிறார். பிரபலத் தொலைக்காட்சியின் லோகோ, தலைவரின் படம், தேதி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனாலும் அந்தத் தலைவர் அப்படிப் பேசியிருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கார்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு தொலைக்காட்சியின் அசல் கார்டைத் தரவிறக்கி, அதிலுள்ள வாசகத்தை அழித்துவிட்டு வேறொன்றைப் பதிப்பதற்குக் கைப்பேசியும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும். முன்பெல்லாம் போலிக் கார்டுகளில் எழுத்துரு மாறியிருக்கும், லோகோ மங்கியிருக்கும், ஒற்றுப்பிழைகள் மலிந்திருக்கும். அவற்றைக் கண்டால் இப்போதும் சந்தேகப்படலாம். ஆனால் பிழை இல்லை என்பதை உண்மைக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது. (அசல் கார்டுகளிலும் ஒற்றுப்பிழைக்குப் பஞ்சமில்லை என்பது நம் செய்தி அலைவரிசைகளைப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.)

எனவே படத்தை விட்டுவிட்டு, அது எங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறதோ அந்த இடத்துக்கே செல்லுங்கள். அந்தத் தொலைக்காட்சியின் அதிகாரபூர்வ ஃபேஸ்புக் அல்லது எக்ஸ் பக்கத்தைத் திறந்து, கார்டில் உள்ள தேதிக்குரிய பதிவுகளைத் தேடுங்கள். அதே நாளில் அதே படத்துடன் வேறு வாசகம் கொண்ட கார்டு கிடைத்தால், வெட்டி ஒட்டியது எங்கே என்பது உடனே புரிந்துவிடும். தங்கள் பெயரில் போலிக் கார்டு உலவுவது தெரியவந்தால், பல தொலைக்காட்சிகள் அதன் மீது ‘போலி’ என்று முத்திரையிட்டுத் தங்கள் பக்கத்திலேயே மறுப்பு வெளியிடுகின்றன. அதையும் அங்கேயே காணலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. இங்கே கட்சிகளுக்கென்றே செய்தி அலைவரிசைகள் இருக்கின்றன. தி.மு.க. தலைவர் ஒருவர் உண்மையிலேயே விபரீதமாக ஏதேனும் பேசியிருந்தால் நியூஸ் ஜெ அதை விட்டுவைக்காது, அ.தி.மு.க. தலைவர் பேசியிருந்தால் கலைஞர் செய்திகள் விட்டுவைக்காது. எதிர்த்தரப்பே வாய் திறக்காத ‘பரபரப்புப் பேச்சு’ உங்கள் பெரியப்பாவின் குழுவுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது என்றால், அது நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் எதிர்த்தரப்பு ஒளிபரப்பியது என்பதாலேயே அது முழு உண்மையாகிவிடாது. ‘இவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், ஆனால் அது தவறு’ என்ற வாக்கியத்தில் முற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பரப்புவது நம் மேடைப் பேச்சுகளுக்கு அடிக்கடி நேரும் கதி. அந்தக் கூட்டத்தின் முழுக் காணொளி பெரும்பாலும் கட்சியின் யூடியூப் பக்கத்திலேயே இருக்கும். குறிப்பிட்ட வரிக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்களாவது கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: காணொளி இருந்தால் நம்பத்தானே வேண்டும்? கண்ணால் பார்ப்பது எப்படிப் பொய்யாகும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: இந்தக் கேள்வி திருப்பூரிலிருந்து வந்திருப்பது பொருத்தம்தான். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவி, பீகார் சட்டமன்றத்தில் அமளி ஏற்பட்டு, அம்மாநில அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பிவைத்தது நினைவிருக்கும். அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, பரவிய இரண்டு காணொளிகளைக் குறித்து விளக்கமளித்தார். இரண்டுமே திருப்பூரிலும் கோவையிலும் முன்பே நடந்தவை; ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு பிரிவினருக்கு இடையிலான மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகளுக்கு இடையிலான மோதல். அடிதடி நடந்தது உண்மை. யார் யாரை அடித்தார்கள் என்பதுதான் பொய். அதே நாள்களில் ஹோலிப் பண்டிகைக்கு ஊர் திரும்பிய தொழிலாளர்களால் ரயில் நிலையங்களில் ஏற்பட்ட நெரிசலும், அவர்கள் அஞ்சி ஓடுவதற்கான சான்றாகக் காட்டப்பட்டது. பரவிய காணொளிகளில் ஒன்று பாட்னாவில் ஆட்களுக்குக் கட்டுப் போட்டு நடிக்கவைத்து எடுக்கப்பட்டது என்று பின்னர் பீகார் காவல்துறையே கண்டறிந்தது.

ஆக, முழுக்க நடித்து எடுத்த காணொளிகள் உண்டென்றாலும், பெரும்பாலான அரசியல் காணொளிகளில் படம் உண்மையாகவும் அதன் மேல் எழுதப்பட்ட தலைப்பு பொய்யாகவும் இருக்கிறது. சரிபார்க்க வேண்டியவை எப்போது, எங்கே என்ற இரண்டும்தான். காணொளியை ஓடவிட்டு, காட்சி மாறும் இடங்களில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்து, கூகுள் லென்ஸில் தேடுங்கள். அதே காட்சி சில ஆண்டுகளுக்கு முன்பே வேறு ஊர்ப் பெயருடன் வெளியாகியிருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் சட்டகத்தின் ஓரங்களைக் கவனியுங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, காவலரின் சீருடை எப்படி இருக்கிறது, வண்டிப் பதிவெண் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பவை தலைப்பு எழுதியவரின் கையை மீறியவை. எடுத்துக்காட்டாக, தெலங்கானாவின் புதிய வண்டிகளுக்கு 2024 மார்ச்சிலிருந்துதான் ‘டிஎஸ்’ போய் ‘டிஜி’ வந்தது. ‘டிஜி’ எண்ணுள்ள கார் ஒன்று 2023-இல் எடுத்ததாகச் சொல்லப்படும் காணொளியில் ஓடினால், மேற்கொண்டு எதையும் தேட வேண்டியதில்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவில் குரலையே உருவாக்குகிறார்களாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆம். 2018-இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார்; அடுத்த மாதமே ஜெயலலிதாவின் பிறந்த நாளில் அவருடைய குரலில் ஓர் உரையை அ.தி.மு.க. வெளியிட்டது. அவர்கள் மறைந்தவர்கள் என்பதால் யாரும் ஏமாறவில்லை. உயிருடன் இருப்பவரின் குரலில் வரும் ‘ரகசிய ஆடியோ’தான் ஆபத்தானது. படத்தைத் தேடுவதுபோல் ஒலியைத் தேடுவதற்கு எளிய வழி இல்லை. வாட்ஸ்அப்பில் பல கை மாறிச் சுருங்கிய ஒலிப்பதிவில் கண்டறியும் கருவிகளும் தடுமாறுகின்றன. யார், எப்போது, எங்கே பதிவு செய்தார்கள் என்பதற்கு ஒருவரும் பொறுப்பேற்காத ஆடியோவை, உண்மை என்றும் பொய் என்றும் சொல்லாமல் நிறுத்திவைப்பதே முறை. ஐயமுள்ள ஒலி, ஒளிப்பதிவுகளை அனுப்பிக் கேட்பதற்கென்று டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட் என்ற அமைப்பு 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப் உதவி எண் ஒன்றை நடத்திவருகிறது. அதில் தமிழிலும் கேட்கலாம்.

கேள்வி: தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகம் ‘இது வதந்தி’ என்று சொன்னால் அத்துடன் விட்டுவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அது என்ன காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. பழைய காணொளியின் மூல இணைப்பையும் தேதியையும் எடுத்து வைத்தால், அதை நாமே திறந்து பார்த்து ஏற்கலாம். ‘தவறான தகவல்’ என்ற முத்திரையும் சம்பந்தப்பட்ட துறையின் ஒரு வரி விளக்கமும் மட்டுமே இருந்தால், அது அரசின் மறுப்பு. மறுப்புக்கு உரிய மதிப்பு அதற்கு உண்டு, தீர்ப்புக்கு உரிய மதிப்பு இல்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (பிஐபி) நடத்தும் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கும் இதுவே பொருந்தும். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தன் பிரிவைக் கொண்டே தீர்மானிக்க வழிசெய்த 2023-ஆம் ஆண்டு விதித்திருத்தத்தை, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே நீதிபதியாகவும் அமர முடியாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேள்வி: நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் அவ்வளவுதான். இதில் என் தவறு என்ன?
– வாசகர், சேலம்

பதில்: நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றைப் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொல்லித் தம் மீதான வழக்குகளை ரத்து செய்யக் கோரியபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் மறுத்துவிட்டது. அனுப்பியவர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. அவர் மேல்முறையீடு செய்தும் உச்ச நீதிமன்றத்தில் பலன் கிடைக்கவில்லை.

பொய் என்று தெரிந்த பின் வாட்ஸ்அப்பில் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பதை அழுத்துவதற்கு இரண்டு நாள்களுக்குச் சற்று மேல்தான் அவகாசம் உண்டு. ஆனால் நீக்குவதால் ஏற்கெனவே படித்தவர்களின் மனத்திலிருந்து அது நீங்காது. எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ அதே குழுவில், எது தவறு, சரியானது எங்கே இருக்கிறது என்று இணைப்புடன் ஒரு வரி எழுதிவிட்டு, அதன் பிறகு நீக்குங்கள்.