மனித வாடையும் காட்டு விலங்கின் மூக்கும்

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கும் என் தம்பியின் மகன் ஆண்டுதோறும் உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகிறவர். உடம்பு வாடையைப் போக்கும் சவர்க்காரம், தெளிப்பான், கரி சேர்த்த உடுப்பு என்று பெருந்தொகை செலவழிப்பதாக இம்முறை ஊருக்கு வந்தபோது சொன்னார். எங்கள் அப்புவோ காற்று வளம், அதாவது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. இந்தப் பொருட்களால் உண்மையில் பயன் உண்டா?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: ஓரளவு பயன் உண்டு. ஆனால், உங்கள் அப்பு பார்த்த காற்று வளத்துக்கு இவற்றில் எதுவும் ஈடாகாது.

வியர்வை சுரக்கும்போது அதற்குப் பெரும்பாலும் வாடை கிடையாது. கமக்கட்டு போன்ற இடங்களில் வாழும் பற்றீரியாக்கள் அதைச் சிதைக்கும்போது உண்டாகும் அமிலங்களே நாம் வியர்வை நாற்றம் என்று உணர்வதில் பெரும்பங்கு. குளித்தால் அவை நீங்கும். ஆனால் துவக்கையும் பையையும் சுமந்துகொண்டு அரை மணி நேரம் நடந்தவருக்கு மீண்டும் வியர்க்கும், மூச்சு விடும்போதெல்லாம் வாடை வெளியேறும், தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஓயாமல் உதிரும். ஆகவே வாடையைக் குறைக்கலாமே தவிர, உயிருள்ள மனிதரிடமிருந்து அதை முற்றாக நீக்க இயலாது. குறைப்பதற்கும் விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. மணமில்லாத சவர்க்காரத்தில் குளித்து, அப்பச்சோடா கரைத்த நீரில் அலசி வெயிலில் உலர்த்திய உடுப்பை அணிந்தாலே போதும். அந்தச் சோடா அமிலங்களை நடுநிலையாக்கிவிடும். வாசனைச் சவர்க்காரம், தலைக்கு வைக்கும் எண்ணெய், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் நிரப்பிய கை ஆகியவை உடம்பின் வாடையோடு வேறு வாடைகளையும் சேர்த்து அறிவிப்பவை என்பதால், முதலில் விலக்க வேண்டியவை அவையே.

கரி சேர்த்த உடுப்பைப் பற்றிச் சொல்வதானால், அந்தக் கரியின் நுண்துளைகள் வாடை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்வது மெய்தான். ஆனால் துளைகள் நிரம்பிய பின் அந்தக் கரியை முழுமையாகப் புதுப்பிக்கப் பல நூறு பாகை வெப்பம் வேண்டும். வீட்டில் உடுப்பு உலர்த்தும் இயந்திரம் அந்த வெப்பத்தை எட்டாது. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய உடுப்பை அணிந்து ஒளிந்திருந்தவர்களையும் சாதாரண உடுப்பில் ஒளிந்திருந்தவர்களையும் தேடுதல் நாய்கள் கண்டுபிடித்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சாணமும் சேறும் பூசிக்கொள்வது வேட்டைக்காரர் கையாண்ட பழைய உபாயம். அதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மீன்குழம்பு கொதிக்கும் அடுப்படியிலும் கருகிய மிளகாயின் நெடியை நாம் தனியே பிரித்தறிகிறோம். நம்மிலும் பல மடங்கு கூர்மையான மூக்குள்ள மானுக்குச் சாணத்தின் அடியில் உள்ள மனிதரைப் பிரித்தறிவது கடினமாக இராது.

இனிக் காற்றுக்கு வருகிறேன். வன்னியில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். குளங்கள் வற்றி, எஞ்சிய தண்ணீரைத் தேடி மரையும் மானும் பன்றியும் வருகிற காலமும் அதுவே. அக்காலத்தில் வேட்டைக்காரர் தண்ணீருக்கு வடகிழக்கே இருக்கும் மரத்தில்தான் பரண் கட்டினார்கள். அப்போது அவர்களுடைய வாடை தண்ணீருக்குப் போகாமல் முதுகுப்பக்கம் போய்விடும். அந்த முதுகுப்பக்கத்தில் விலங்கு இறங்கும் தடம் எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் பார்த்தார்கள். என் கருத்தில் இந்த இரண்டாவது எச்சரிக்கைதான் தேர்ந்தவரை அடையாளம் காட்டும். பலர் முன்னால் இருப்பதை மட்டுமே பார்ப்பார்கள்.

திறந்த வெளியில் ஒரே சீராக வீசும் காற்று, பாலை, வீரை மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் நுழைந்ததும் திரும்பிச் சுழலும். அதை அறிய எருக்கலம் பஞ்சைப்போல உதவும் பொருள் வேறில்லை. முற்றி வெடித்த காயிலிருந்து ஓர் இழையை எடுத்து நெஞ்சு உயரத்தில் விட்டுப் பாருங்கள்: பத்தடி தூரம் நேரே மிதந்து, வீரைப் பற்றை ஒன்றின் அருகே திடீரென்று இடப்பக்கம் வளைந்து, மெல்ல மேலெழும்பி மறையும். உங்கள் வாடை செல்லும் பாதையும் அதுவே. சாம்பலைத் தூவினால் கையருகே வீசும் காற்றை மட்டுமே அறியலாம். வட அமெரிக்க வேட்டைக்காரரும் இதே தேவைக்கு எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சையே பயன்படுத்துகிறார்கள் என்பதை உங்கள் தம்பியின் மகனுக்குச் சொல்லுங்கள். மாலையில் காற்று விழுந்த பின் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வடியும், காலையில் வெயில் ஏறியதும் சரிவில் மேலே எழும் என்பதையும், மேடுபள்ளமான நிலத்தில் வேட்டையாடும் அவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த அறிவை இங்கே துவக்கோடு பயன்படுத்த இடமில்லை. 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரையும் புள்ளிமானும் பாதுகாக்கப்பட்டவை. காட்டுப் பாதையில் பொறியாகக் கட்டப்பட்டு, தட்டுப்பட்டதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு மாட்டையும் மனிதரையும் கொல்கிறது. அதை யார் கட்டினாலும் ஊரார் மூடி மறைக்கக் கூடாது.

கேள்வி: சுண்டிக்குளத்தில் பறவைகளைப் படம் எடுக்கப் போகிறேன். நானும் வாடையை மறைக்க வேண்டுமா?
– பரந்தன் வாசகர்

பதில்: வேண்டியதில்லை. நீர்ப்பறவைகள் ஆபத்தை முக்கியமாகக் கண்ணாலும் காதாலும் அறிகின்றன. மங்கலான நிறத்தில் உடுத்து, அசையாமல் இருங்கள். 2015 முதல் அது தேசிய பூங்கா என்பதால் உரிய அனுமதியுடன் செல்லுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் வயலுக்குப் போகிற பாதையில் யானை நிற்கிறது. மனித வாடை பட்டால் அது விலகுமா, துரத்துமா?
– புளியங்குளம் வாசகி

பதில்: அம்மா, அது தூரத்தைப் பொறுத்தது. மணம் அறியும் மரபணுக்கள் ஆபிரிக்க யானையிடம் ஏறத்தாழ 2,000 இருப்பதாக 2014இல் கண்டறிந்தார்கள். மனிதரிடம் அவை 400 அளவில்தான் உள்ளன. கென்யாவின் அம்போசெலியில், தங்களை ஈட்டியால் தாக்கும் மசாய் இளைஞர் அணிந்த துணிக்கும், கம்பா உழவர் அணிந்த துணிக்கும் யானைகள் வாடையாலேயே வேறுபாடு கண்டு, மசாய்த் துணிக்கு அதிகம் அஞ்சி ஓடியதாக 2007இல் ஓர் ஆய்வு கூறியது. ஆசிய யானையின் மோப்பமும் சாதாரணமானதன்று.

வேட்டைக்காரர் தம்மை மறைக்க வேண்டியவர். வயலுக்குப் போகும் நீங்கள் உங்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியவர். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் வாடை முன்னே போய்விடும். பல விலங்குகள் தாமாக விலகும். எதிர்க்காற்றில் நடக்கும்போதுதான் ஆபத்து அதிகம். யானைக்கோ கரடிக்கோ நீங்கள் வருவது தெரியாமல் மிக அருகில் போய் முட்டிக்கொள்ளக்கூடும், திடுக்கிட்ட கரடி பாய்ந்து முகத்தைத் தாக்கும். அப்படிப்பட்ட நாட்களில் உரத்த குரலில் பேசிக்கொண்டு, இருவராகவாவது, நன்றாக வெளிச்சம் வந்த பின் செல்லுங்கள். ஆனால் யானை ஏற்கெனவே அருகில் நின்று உங்களைக் கவனிக்காமல் இருந்தால் சத்தம் போட வேண்டாம்; காற்று அதனிடமிருந்து உங்களை நோக்கி வரும் பக்கமாகவே மெல்லப் பின்வாங்குங்கள்.

பயிரை உண்டு பழகிய யானை மனித வாடைக்குப் பெரிதாக அஞ்சாது. அறுவடைக் காலத்தில் வீட்டில் அடுக்கிய நெல்மூட்டையின் மணமே அதைச் சுவர்வரை அழைத்துவரும். இயன்றால் நெல்லைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். வேறிடம் இல்லையென்றால் பிள்ளைகளையாவது நெல் இருக்கும் சுவருக்கு எதிர்ப்பக்கத்தில் படுக்க வையுங்கள்.